இலுப்பைக்கண்மாய்க்காரர்களின் காதுகள்

"மாட்டுக்கு மனசு காதுல இருக்கு, மனுசனுக்கு..." என்று மாட்டுத் தரகராக இருந்த என் பெரியப்பா அடிக்கடி சொல்வார், மனுசனுக்கு எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு நினைவில்லை, நாக்கில் என்றாரா, நடையில் என்றாரா, இல்லை வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அந்த மிச்சத்தைச் சொல்லாமலே விட்டாரா, தெரியவில்லை. ஆனால் இலுப்பை பூத்த ஒரு பங்குனியில் எங்கள் ஊர் மனிதர்களுக்கும் மனசு காதுக்கே வந்துவிட்டபடியால், பாதிப் பழமொழியே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

இலுப்பைக்கண்மாயில் வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க் கரை இலுப்பைகளில் கரிய துணி காயப்போட்டது போலத் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் அய்யனாரின் பிள்ளைகள் என்றும், பகலில் தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்றும் ஊருக்கு ஒரு கட்டு. கல்யாணத்துக்கு இல்லை, எழவுக்கு இல்லை, ஜெயித்த கட்சிக்கு இல்லை, தீபாவளிக்கும் இல்லை. தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைமார் புது வேட்டியோடு வாசலில் நின்று, "இது என்ன மாமா, தீவாளியா, தெவசமா?" என்று கேட்பதும், மாமனார்மார் இன்னும் ரெண்டு துண்டு கறியை இலையில் போட்டு வாயை அடைப்பதும் வழக்கம். வெடித்தே தீரவேண்டிய பிள்ளைகள் அத்தை வீட்டு ஊருக்குப் போய் வெடித்துவிட்டு, கையில் மருந்து வாடையோடு பஸ் ஏறி வருவார்கள்.

காதுக்கு அசைவு வந்த கதையை எனக்குச் சொன்னவன் பக்கத்து வீட்டுச் சேவுகன். அய்யனார் கோயிலில் ஒரு காதுகுத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை தாய்மாமன் மடியில். ஆசாரி ஊசியைச் சாம்பிராணிப் புகையில் காட்டிவிட்டு நெருங்குகிறார். பிள்ளையின் காது, தொட்டாற்சுருங்கி இலை மாதிரி, பின்னால் மடிந்து மண்டையோடு ஒட்டிக்கொண்டது. "பிடிங்கப்பா காதை," என்றார் ஆசாரி, இதுபோல நூறு பார்த்தவர் போல. மாமன் பிடித்தான், ஊசி இறங்கியது, பிள்ளை வீறிட்டது, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதும் ஒரே சமயத்தில் அந்த அழுகைப் பக்கம் திரும்பின. "அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் என்ன மச்சான், சாம்பார் ஊத்துனாக," என்றான் சேவுகன்.

நான் வந்து சேர்ந்தது சித்திரையில், ஊர் அதற்குப் பழகிப்போன பிறகு. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் வௌவாலின் காதைக் கீறிப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்து, அந்தப் பிழைப்பும் அந்த ஊரில் செய்துகொண்ட கல்யாணமும் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துபோக, ஒரு பெட்டியோடும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடும் பஸ்ஸை விட்டு இறங்கினேன்; என் பெட்டிச் சக்கரம் சரளையில் உருண்ட சத்தத்துக்கு டீக்கடையிலிருந்த எல்லாக் காதும் திரும்பின, ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கிக்கு அடியில் நான் தேடிய சங்கதி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது. டீக்கடை ராக்கு என் காதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பாவம், பரதேசத்துலயே இருந்துட்டாக, காது செத்துப்போச்சு," என்றாள். அன்று தொடங்கியது எனக்கு அந்த எரிச்சல். காலையில் பல் துலக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணிக் கோணி முயன்றேன். புருவம்தான் ஏறியது.

ஊர் தன் பாட்டுக்குச் சீர்செய்துகொண்டது. கண்ணாடி போட்டவர்கள் அதைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டார்கள். ஹெல்மெட்டைப் பஞ்சாயத்தில் பேசி காதுப் பக்கம் அகலமாகச் செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று முடிவாகி, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அது அப்படியே நின்றது. டவுனிலிருந்து வந்த டாக்டர் எல்லாருக்கும் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, தன் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர் ஜீப் டிரைவர் பக்கம் திரும்பியிருந்த காதுகளைப் பார்த்து மனம் நொந்து போனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு காதை டீச்சருக்கும் ஒரு காதை ஐஸ் வண்டி மணிக்கும் கொடுத்தார்கள். டீச்சர் பாவம், ஒரு காதாவது இருக்கிறதே என்று சமாதானமானார். பஞ்சாயத்துத் தலைவர் பேச எழுந்தால் காதுகள் வயல் பக்கம் போய்விட்டபடியால், அவர் நடுநடுவே டீக் கேனின் மூடியைத் தட்டச் சொல்லி ஆள் வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை பேச்சை எடுத்தபோது பெண்ணின் காது எந்தப் பக்கம் போகிறதென்று கவனித்தார்கள். பெண் வீட்டாரும் சளைக்காமல், "உங்க பையன் காதையும் காட்டச் சொல்லுங்க," என்றார்கள். பையன் காது அடுப்படியில் பஜ்ஜி பொரியும் சத்தத்திலேயே நின்றது. "சாப்பாட்டு ராமனாயிருந்தா என்ன, வேற கெட்ட பழக்கம் இல்லையே," என்று அந்தச் சம்பந்தம் முடிந்தது.

பிறகு ஓர் ஆடு காணாமல் போக, பஞ்சாயத்தில் இன்னோர் ஆட்டைக் கத்தவிட்டு, கூட்டத்தில் யார் காது துடிக்கிறது என்று பார்த்து ஆளைப் பிடித்தார்கள். அதிலிருந்து ஊருக்கு ஒரு சட்டம் உண்டானது: காது எங்கே திரும்புகிறதோ அங்கேதான் ஆசை இருக்கிறது. வாய் பொய் சொல்லும், கண் நடிக்கும், காது மட்டும் அய்யனார் சாட்சி.

நான் சொல்லிப் பார்த்தேன். அய்யா, வௌவாலின் காது குருத்தெலும்பால் கட்டிய கூடாரம், அதை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள்தான் தசைகள். நம் கண்மாய்க் கரைப் பழந்தின்னிக்குக் கண் நன்றாகத் தெரியும், அதன் காது வெறும் குழல். பூச்சி தின்கிற சின்ன வௌவாலுக்கோ தான் போட்ட சத்தம் மோதித் திரும்பி வருவதுதான் பார்வை, ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதன் மடல் அகன்று, மடிப்பு விழுந்து, துவாரத்தின் முன்னால் ஈட்டிமுனை போல ஒரு குருத்து எழும்பி, என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கும் சாதிக்கு இரண்டு காதும் நெற்றியில் ஒன்றாகவே ஒட்டிப்போயிற்று. நமக்கும் காதுக்கு முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று தசைகள் உண்டு, கழுத்தைத் திருப்பவும் கண்ணை நம்பவும் நம் முன்னோர் பழகிய பிறகு அவை பென்ஷன் வாங்கிய வாத்தியார் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தன, இப்போது எழுந்துவிட்டன, அவ்வளவுதான். காது ஆசைக்கு மட்டுமா திரும்பும், பயத்துக்கும் திரும்பும், பகைக்கும் திரும்பும், சொட்டுகிற குழாய்க்கும் திரும்பும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தின் காதுகள் ஒன்றொன்றாக வயலுக்குப் போயின. என் கட்டுரைகளுக்கு அதைவிட நேர்மையான மதிப்புரை வந்ததில்லை.

சேவுகன் எனக்கு மாமன் மகன் முறை, பால்மாடு வைத்திருந்தான், அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். அவன் மனைவி பஞ்சவர்ணம் என்னை அண்ணே என்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் கொல்லையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், இல்லை தவிடு புடைப்பாள். அந்த நேரத்தில்தான் என் பின்னறை வௌவால்கள் விழித்துக்கொள்ளும். மனிதச் செவிக்கு எட்டாத அவற்றின் பேச்சைக் கருவியில் பிடித்து, மிக மெதுவாக்கி, நான் ஓடவிடுவேன். மெதுவாக்கினால் அது ஒரு மாதிரி சீட்டியாகவும், கிணற்றுக்குள் சொட்டுகிற நீராகவும், சில சமயம் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போலவும் இருக்கும். பஞ்சவர்ணத்தின் இரண்டு காதும், மெலிந்து சிவந்து வெயிலில் நரம்பு தெரிகிற காதுகள், என் சுவர்ப் பக்கம் திரும்பி அப்படியே நிற்கும். கை கீரையில் இருக்கும், கண் கீரையில் இருக்கும், காது இங்கே.

அதைச் சேவுகன் பார்த்துவிட்டான்.

முதலில் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். அவள் காது அசையவில்லை. பசுக்களின் கழுத்துக்குப் புது மணி வாங்கிக் கட்டினான், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். அவள் காது ஒரு தரம் மணிப் பக்கம் மரியாதைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது. சுவருக்கும் அவளுக்கும் நடுவே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். காது அவன் தோளுக்கு மேலாக எட்டிக் கேட்டது. கடைசியில் டவுனுக்குப் போய், காதிலிருந்து கூந்தலுக்கு இழுத்து மாட்டுகிற தங்க மாட்டல் ஒரு சோடி வாங்கி வந்து, "போட்டுக்க, உனக்குன்னுதான்," என்றான். அவள் சந்தோஷமாகத்தான் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் காது திரும்பியது, மாட்டல் இழுத்தது, கூந்தல் அவிழ்ந்து காதோடு சேர்ந்து என் சுவர்ப் பக்கம் சரிந்தது. அது முன்னைவிட மோசமாக இருந்தது.

ஊர் விடுமா? டீக்கடையில் அவன் பால் ஊற்ற வரும்போது ராக்கு, "ஏன் சேவுகு, இப்பல்லாம் பால்ல மோர் வாடை வருது? வீட்டுல ஏதும் பொறையூத்துறாகளோ?" என்பாள். பெஞ்சில் இருப்பவர்களின் காதெல்லாம் அவன் பதிலுக்காக விறைக்கும். அவன் கேனைக் கவிழ்த்துவிட்டுப் போவான்.

எனக்கு அது உள்ளூர இனித்தது என்பதை மறைக்க என்ன இருக்கிறது. ஒரு கல்யாணம் முழுக்க எனக்காக ஒரு காதும் திரும்பியதில்லை. ஆகவே ஒருநாள், அவள் கேட்பது என்னைத்தானா என்று பார்க்க, கருவியை நிறுத்திவிட்டு, சுவரோரமாக அவள் கண்ணில் படாமல் குனிந்து நின்று, போனில் யாருமில்லாமலே உரக்கப் பேசினேன்; தமிழில் கொஞ்சம், இங்கிலீஷில் கொஞ்சம், சிரிப்புக்கூடச் சிரித்தேன். பேசிக்கொண்டே மாடிப்படி ஏறி எட்டிப் பார்த்தேன். பஞ்சவர்ணத்தின் காதுகள் கன்று அசைபோடும் சத்தத்தில் இருந்தன. நான் இறங்கிவந்து கருவியைப் போட்டேன்; மறுபடி ஏறிப் பார்த்தேன்; காது சுவருக்கு வந்திருந்தது. சேவுகனுக்கு என்மேல் பொறாமை; எனக்கு, நெற்றியில் காது ஒட்டிய, விரலளவு உடம்புள்ள ஒரு வௌவால்மேல் பொறாமை. இதைச் சேவுகனிடம் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தபோது அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மச்சான், ஒரு சங்கதி. வௌவாலைக் கரைச்சுக் குடிச்சவன் நீ. காது நடிக்குமா?"

"நடிக்காது. ஆனா பழக்கத்துக்குத் திரும்பும். நெதம் ஒரே நேரத்துல ஒரே சத்தம் வந்தா, அதுபாட்டுக்குத் திரும்பும்."

"அப்ப பழக்கமில்லாம, நெசமா எங்க திரும்பும்னு எப்படிப் பாக்குறது?"

நான் அவனைச் சமாதானப்படுத்தத்தான் நினைத்தேன். ஆனால் இத்தனை மாதத்தில் என் படிப்பைப் பற்றி ஒருவன் கேட்ட முதல் கேள்வி அது. அவன் இரண்டு காதும் வேறெங்கும் போகாமல் என் வாயிலேயே இருந்தன. "பெரிய சத்தம் ஒண்ணு திடீர்னு கேட்டா, காது மடங்கித் தலையோட ஒட்டிக்கும். உள்ள ஒரு சின்னத் தசை இருக்கு, அது இழுத்துப் பிடிச்சு எல்லாச் சத்தத்தையும் அடைச்சிரும். பழக்கமெல்லாம் அந்த நிமிஷம் அழிஞ்சிரும். அப்புறம் காது எந்திரிக்கும்போது முதல்ல, எதை இழந்துறக் கூடாதோ அதைத்தான் தேடும். தாய் வௌவால் குகைக்குள்ள ஆயிரம் குட்டியில தன் குட்டியைத் தேடுற மாதிரி."

"பெரிய சத்தம்," என்றான் சேவுகன். பிறகு, "நம்ம ஊர்ல பெரிய சத்தம்னு ஒண்ணு கெடையாதே மச்சான்," என்றான். அவன் காதுகள் மெல்ல என் வாயை விட்டு எடுபட்டு, என் பின்னறைப் பக்கம் போய் நின்றன.

தீபாவளிக்கு முந்தின சந்தையன்று அவன் டவுனில் வெடி வாங்கியதை ஊரில் யாரும் பார்க்கவில்லை. அணுகுண்டு என்று சொல்வார்களே, சணல் சுற்றிப் பச்சைத் தாள் ஒட்டியது, அதில் ஒன்றே ஒன்று. ஈரம் படாத இடம் என்று தவிட்டு டின்னுக்குள் புதைத்து வைத்தான். மாட்டுக்குத் தவிடு அள்ளிப் போடுகிறவள் பஞ்சவர்ணம் என்பது, பொறாமைக்காரனுக்கு எப்படியோ மறந்துவிட்டது.

தீபாவளி விடிந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக்குழம்பு கொதித்து, ஊர் வழக்கம்போல வாயடைத்து உட்கார்ந்திருந்தது. தூரத்து ஊர்களில் வெடிக்கிற சத்தம் கண்மாய்த் தண்ணீருக்கு மேலாக மெலிந்து வரும்; வடக்கே ஒன்று கேட்டால் தெருவிலிருந்த காதெல்லாம் வடக்கே சாயும், மேற்கே கேட்டால் மேற்கே சாயும், காற்றில் கதிர் சாய்வது போல. இலுப்பையில் வௌவால்கள் இறக்கையைப் போர்த்திக்கொண்டு தொங்கின. நான் சுவரோரக் கொடியில் ஈரத் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சேவுகன் புது வேட்டியோடு கொல்லைக்கு வந்து, அதன் நடுவில் ஒரு செங்கலை வைத்து, அதன்மேல் அந்தப் பச்சைக் குண்டை வைத்தான். மடியில் தடவினான். தீப்பெட்டி இல்லை.

"அடுப்படியில இருக்கு, எடுத்தாரவா?" என்றாள் பஞ்சவர்ணம். அவள் கொல்லை வாசற்படியில் தலைமுடியைத் துவட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அவன் நிமிரவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"தவிட்டுல வெடி மொளைக்குமா? நேத்தே பாத்துட்டேன். செவலைப் பசு வாயில போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஒரே ஒரு வெடிதான். ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகாது. அதுகளுக்கு?" அவள் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். "மரத்தை விட்டுட்டுப் போச்சுன்னா அய்யனாருக்கு யாரு பதில் சொல்றது? பொண்டாட்டி காதைச் சோதிச்சோம்னு சொல்லுவீகளா?"

சேவுகனின் கழுத்து சிவந்தது. "நெதம் பொழுது சாயுறப்ப உன் காது எங்க இருக்குன்னு ஊரே பாக்குது. நான் பாக்கக் கூடாதா? ஒரு தடவை, ஒரே தடவை, அது எந்திரிச்சு எங்க போகுதுன்னு நான் பாத்துட்டாப் போதும். அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்."

"சரி, வெடிங்க," என்றாள் அவள். உள்ளே போய்த் தீப்பெட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "வெடிச்சதும் என் காது எங்க திரும்புதுன்னு நீங்க பாப்பீக. உங்க காது எங்க திரும்புதுன்னு நான் பாப்பேன்."

தூரத்தில் எங்கோ ஒரு சரம் பொரிந்து ஓய்ந்தது. அவர்கள் இருவர் காதும் அதற்குத் திரும்பவில்லை.

ஊரில் எல்லாரும் எல்லார் காதையும் பார்த்தார்கள். தன் காதைப் பார்த்தவர் யாரும் இல்லை. சேவுகன் தீப்பெட்டி இருந்த கையை மெதுவாக உயர்த்தி, புறங்கையால் தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தான். அது சுவருக்கு நீட்டிக்கொண்டிருந்தது, என் துண்டிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு. இடது காதைத் தொட்டான். அதுவும். இரண்டு விரலால் அதைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினான். விட்டதும் அது சுவருக்கே போய்விட்டது.

"பிடிச்சுத் திருப்புனா திரும்பாதுங்க," என்றாள் பஞ்சவர்ணம். குரலில் கேலி இருந்தது, ஆனால் கேலி மட்டும் இல்லை. "தங்க மாட்டல் போட்டுப் பாத்தவ நான். பங்குனியிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அண்ணன் வர்றதுக்கு முந்தி உங்க காது எந்நேரமும் மாட்டுக்கிட்ட இருந்துச்சு. அண்ணன் வந்ததுலேருந்து அந்தச் சுவத்துக்கிட்ட இருக்கு. டீக்கடையில ராக்கு உங்களைப் பத்தி என்ன சொல்றான்னு எனக்குத் தெரியாதா? 'மாமன் மச்சான்னா இப்படியில்ல இருக்கணும், எப்பப் பாரு அவுகளையே கேட்டுக்கிட்டு இருக்கான்'னு சொல்றா. ஊர்ச் சட்டப்படி பாத்தா ஆசை உங்களுக்குத்தான்."

அவன் காதிலிருந்து கையை எடுத்தான்.

"அந்தப் பக்கம் நான் என்ன கேக்குறேன்னு ஒரு நாளாச்சும் என்கிட்ட கேட்டீகளா?" என்றாள் அவள், இப்போது மெதுவாக.

இவ்வளவு நேரமும் அவள் காதுகள் அவனை விட்டு அசையவில்லை. என் துண்டு சொட்டியது. நான் இருமினேன், வேண்டுமென்றேதான் இருமினேன். அவள் ஈரக் கூந்தலுக்குள்ளிருந்து எழுந்து நின்ற அந்த இரண்டு மெல்லிய காதுகள் என் பக்கம் இம்மிகூடத் திரும்பவில்லை. எனக்குக் காதைச் சுற்றி, அந்த மூன்று செத்த தசைகளும் இருக்கிற இடத்தில், சுருக்கென்று ஒரு வலி வந்தது.

சேவுகன் தீப்பெட்டியைத் திறந்தான். ஒரு குச்சியை எடுத்தான். கண்மாய்க் கரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குச்சியைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான்.

எண்ணெய்க் குளியலுக்குக் காய்ச்சிய வெந்நீர் அண்டாவின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவன் செங்கல் மேலிருந்த வெடியை எடுத்து அதற்குள் போட்டு, சணல் ஊறிப்போகும்வரை விரலால் அமுக்கினான்.